ஏழாவது அடியின் விரல்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. கதவைச் சாத்திவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு ஒரு விரலின் கதை சொல்லப்போகிறேன். கொஞ்சம் கொடுமையான கதைதான். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.

பேர்லினில், நொய்கெல்ன் பக்கத்தில், புவனேந்திரன் என்று ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய துணிக்கடையில் களவு பிடிக்கிற வேலை பார்த்தவர். ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். முகம் பொய் சொல்லப் பழகிவிடும், கை பழகாது என்பது அவர் எண்ணம். கடை வேலை முடிந்த பிறகு எங்கள் சனங்களுக்குத் துப்புப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவருக்குத் துணை டெல்சி. நாற்பத்தேழு வயது. காலையில் ஒரு பள்ளிக்கூடம் துடைப்பாள், மத்தியானத்துக்குப் பிறகு புவனேந்திரனோடு அலைவாள். கையில் துடைப்பம் இல்லாத நேரத்தில் வாயால் ஊரைத் துடைப்பாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் நிலவறையில் நின்றார்கள். முன்னால் கண்ணாடி மேசை. அதன் மேல் ஒரு பெரிய தாள். தாளில் எட்டுக் கட்டங்களில் மையால் வரைந்த படக்கதை. பக்கத்தில் அவர்களை வரவழைத்த தேனுஜா. முப்பத்து நான்கு வயது, பீலெஃபெல்டில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்த அருங்காட்சியகத்துக்குப் பழைய படக்கதைகளைப் பார்த்து வாங்குவது அவள் வேலை.

தாள் என்னவென்று தேனுஜா விளக்கினாள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் நியூயோர்க்கில் இரண்டு பத்திரிகை முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினார்களாம். ஞாயிற்றுக்கிழமை இதழில் நிறம் நிறமாகப் படக்கதை போட்டவன் வென்றான். கப்பலால் வந்து இறங்கிய சனத்துக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் படத்துக்காக வாங்கியது. வரைந்தவர்களிலும் பலர் வந்தேறிகள். ஜேர்மனியிலிருந்து போனவர்கள் ஜேர்மன் வீட்டுக் குழப்படிப் பிள்ளைகளையே வரைந்து, உடைந்த ஆங்கிலத்தில் அவர்களைப் பேசவிட்டார்கள். ஒரு சித்திரக்காரன் கட்சி மாறியபோது முதலாளிகள் நீதிமன்றம்வரை போனார்கள். கடைசியில் கதையின் தலைப்பு ஒருவருக்கு, அதில் வருகிற பிள்ளைகளை வரைகிற உரிமை மற்றவருக்கு.

"டிவோர்ஸ்தானே," என்றாள் டெல்சி. "வீடு உனக்கு, பிள்ளையள் எனக்கு."

தேனுஜா சிரிக்கவில்லை. பெரிய பெயர்களுக்குப் பின்னால் கூலிக்கு வரைந்த கைகள் நிறைய இருந்தன, அவர்களின் பெயர் ஒரு மூலையில்கூட வந்ததில்லை என்றும் சொன்னாள். இந்தத் தாள் பிராண்டல் என்ற சித்திரக்காரனின் அசல் என்று நம்பி இரண்டு வருடத்துக்கு முன் அவள்தான் வாங்கச் சொன்னவள். குர்ட், வில்லி என்று அதில் இரண்டு பொடியன்கள். ஏழு கட்டம் குழப்படி, எட்டாவது கட்டத்தில் அடி. ஒவ்வொரு கிழமையும் அப்படித்தான். பிள்ளைகள் அடிவாங்குவதைப் பார்த்து ஒரு நாடே காலைச் சாப்பாட்டு மேசையில் சிரித்தது.

"ஞாயிற்றுக்கிழமையுமோ?" என்று டெல்சி கேட்டாள். "எங்கட வீட்டிலை ஞாயிறு லீவு. எல்லாரும் பூசைக்குப் போயிடுவம்."

பிறகு தேனுஜா வில்லங்கத்தைச் சொன்னாள். போன மாதம் தாளை ஒரு நீல விளக்கின் கீழ் வைத்தபோது அது பளிச்சென்று ஒளிர்ந்தது. பழைய தாள் அப்படி ஒளிராது. ஆக, போலி. அதை விற்றவர் பீலெஃபெல்டில் பழைய தாள் வியாபாரம் செய்த வென்ட்லாண்ட் என்ற கிழவர். அவர் போன மாரியில் இறந்துபோனார். மிஞ்சியது தேனுஜா மட்டும். வெள்ளிக்கிழமை இயக்குநரோடு அவளுக்கு ஒரு டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு, இருந்தது. அதற்குள் இதைக் கீறி வரைந்தது யாரென்று காட்டாவிட்டால், வியாபாரியோடு சேர்ந்து ஏமாற்றியவள் என்று அவள் பெயரில்தான் பொலிசில் முறைப்பாடு போகும். வேலை போகும். அந்தத் தொழிலில் பிறகு எந்த நகரத்திலும் ஒருவரும் அவளுக்குக் கதவு திறக்கமாட்டார்கள்.

"நான் இதுக்குப் பதினோரு வருசம் படிச்சனான், அண்ணை," என்றாள். "என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

புவனேந்திரன் தாளின் மேல் குனிந்தார். இந்தப் பக்கம் அச்சில் வந்த இதழ் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு, அதன் கீழ் மூலை கிழிந்துபோயிருக்கிறது என்று தேனுஜா சொன்னாள். எட்டாவது கட்டத்தை எவரும் கண்டதில்லை.

"அப்ப முதல் ஏழும் பாத்துக் கீறினது. எட்டாவது அந்த ஆளின்ர சொந்த மூளையிலையிருந்து வந்தது," என்றார் புவனேந்திரன். "திருடன் தன்ர காற்சட்டைப் பைக்குள்ளை கை விடுற இடம் இதுதான்."

எட்டாவது கட்டத்தில் பிரம்பு மேலே நின்றது. குர்ட் வலது கையை நீட்டிக்கொண்டு அழுதான். அவன் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சுக் குமிழில் ஆங்கிலத்தில் 'ஏழு' என்று எழுதியிருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால். அதன் பெருவிரல் மோதிர விரலின் மேற்கணுவில் அழுத்திக்கொண்டிருந்தது. அருங்காட்சியகம் போட்ட குறிப்புப் புத்தகத்தில் தேனுஜா எழுதியிருந்ததை டெல்சி வாசித்தாள். சிறுவன் வலி தாங்காமல் விரல்களைத் தேய்க்கிறான்.

"தேய்க்கேல்லைப் பிள்ளை. எண்ணுறான்," என்றாள் டெல்சி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. ஜேர்மன்காரன் எண்ணினால் பெருவிரலை நிமிர்த்தி ஒன்று என்பான். அமெரிக்கக்காரன் சுட்டு விரலை நிமிர்த்துவான். விரலின் கணுக்களில் பெருவிரலை ஒவ்வொன்றாக வைத்து எண்ணுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். டெல்சி தன் கையை நீட்டி எண்ணிப் பார்த்தாள். சின்னி விரலின் அடிக்கணு ஒன்று, நடு இரண்டு, மேல் மூன்று. பிறகு மோதிர விரல், நாலு, ஐந்து, ஆறு. ஏழு என்றால் நடு விரலின் அடியில் வரவேண்டும்.

"ஆனா இவனுக்குக் கணக்கு வராது," என்றாள். "வாய் ஏழு எண்டுது, விரல் ஆறிலை நிக்குது."

"இல்லாட்டி வேறை பக்கத்தாலை வாறான்," என்றார் புவனேந்திரன்.

அவர் தன் சுட்டு விரலின் மேற்கணுவில் தொடங்கினார். மேலிருந்து கீழே மூன்று, நடு விரலில் மேலிருந்து கீழே மூன்று, மோதிர விரலின் மேற்கணுவில் ஏழு. படத்தில் இருந்த இடத்திலேயே அச்சொட்டாக வந்து நின்றது.

ஆக, கீறியது தமிழ்க் கை. அதுவும் தலைகீழாய் எண்ணுகிற தமிழ்க் கை. டெல்சிக்குச் சந்தோசம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. தமிழ்ப் பிள்ளை வாங்கச் சொன்ன போலியைத் தமிழ் ஆள் கீறியிருக்கிறான் என்று வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னால், முறைப்பாட்டை இவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. காப்பாற்ற வந்த துப்பு கழுத்தைப் பிடித்தது. தேனுஜாவும் அதை விளங்கிக்கொண்டாள். இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை மூவரும் பீலெஃபெல்ட் ரயிலில் இருந்தார்கள். வென்ட்லாண்டின் மனைவியைப் பார்த்து, கடைக்கு வந்துபோன தமிழர் யார் என்று கேட்பதுதான் யோசனை. பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது என்று ஜேர்மன்காரர் பகிடி விடுவார்கள், இல்லாத ஊருக்கு டிக்கெட் எடுத்த முதல் ஆள் நான்தான் என்று டெல்சி சொல்லிக்கொண்டு வந்தாள். தேனுஜா யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அவள் அப்பா அந்த ஊரில்தான் இருக்கிறார், அம்மா செத்த பிறகு ஆறு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை என்று கேட்ட பிறகுதான் சொன்னாள்.

ஹனோவர் தாண்டியபோது புவனேந்திரன் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். வென்ட்லாண்ட் அவளுக்கு மொத்தம் எத்தனை பொருள் காட்டினார்?

"ஒரு அச்சுத் தகடு," என்று தேனுஜா நினைவுபடுத்தினாள். "ரெண்டு ஞாயிறு இதழ். ஒரு போஸ்ட்காட். பிறகு இந்தப் பக்கம். அஞ்சு."

டெல்சி அவள் முகத்தைப் பார்த்தாள். புவனேந்திரன் அவள் கையைப் பார்த்தார். பிறகு டெல்சியும் பார்த்தாள். தேனுஜாவின் பெருவிரல் சுட்டு விரலின் மேற்கணுவில் தொடங்கி, கீழே இறங்கி, நடு விரலின் நடுக்கணுவில் வந்து நின்றிருந்தது.

டெல்சி சட்டென்று எழும்பினாள். தேநீர் வாங்கப் போகிற சாட்டில் புவனேந்திரனை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"புவனண்ணை, கீறினது இவதான். எங்களை வைச்சு விளையாடுறா."

"கீறினவ தானே வந்து கண்டுபிடி எண்டு கேப்பாவோ?"

"கேப்பா. நானெண்டாலும் கேப்பன். கள்ளன்தானே முதல்லை கள்ளன் எண்டு கத்துறவன்."

"சும்மா இரும் டெல்சி. ஒரு பிள்ளை தானா அப்பிடி எண்ணப் பழகாது. ஆரோ பழக்கியிருக்கினம்."

திரும்பி வந்து இருந்ததும் அதையே தேனுஜாவிடம் கேட்டார். அவள் தன் கையையே முதல் தரம் காண்கிறவள் போலப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "அடி விழேக்கை நான் மற்றக் கையிலை எண்ணோணும். எண்ணிக்கை பிழைச்சா முதல்லையிருந்து. சுட்டு விரல்தான் குற்றம் செய்யிற விரலாம், அதிலைதான் தொடங்கோணுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் அண்ணை நான் இதை வாங்கச் சொன்னனான். மற்ற ஏழும் பகிடி. அந்தப் பிள்ளை மட்டும் உண்மையா நிண்டது. ரெண்டு வருசம் ஒவ்வொரு நாளும் பாத்தனான். தேய்க்கிறான் எண்டு எழுதினனான்."

டெல்சி தன் தேநீரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். வென்ட்லாண்டின் மனைவியைத் தேடவேண்டிய தேவை இனி இல்லை, ரயிலால் இறங்கி நேரே அவளுடைய அப்பா வீட்டுக்குப் போனார்கள்.

சிவகுருநாதன், தேனுஜாவின் அப்பா, நாலாம் மாடியில் தனியே இருந்தார். வென்ட்லாண்டின் கடைக்குப் பக்கத்து உணவகத்தில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவியவர். தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு மேடைத் திரை கீறுகிறவர். கதவைத் திறந்தவர் ஆறு வருடம் காணாத மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வா என்று மட்டும் சொன்னார். வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் துடைக்கிற டெல்சிக்கே கால் வைக்கக் கூச்சமாக இருந்தது.

புவனேந்திரன் விசயத்தைச் சொன்னார். சிவகுருநாதன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. படத்தின் பிரதியை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"விரலை வைச்சுப் பிடிக்கப் பாக்கிறியளோ?" என்றார். "இந்த உலகத்திலை இப்பிடி எண்ணுறது ரெண்டே ரெண்டு பேர். நானும் இவளும். நான் கோப்பை கழுவினவன். இவள் இதிலை பட்டம் எடுத்தவள். ஜேர்மன்காரன் ஆரைப் பிடிப்பான் எண்டு நினைக்கிறியள்?"

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். கோபமாய்ப் பார்க்கவில்லை. நல்ல கணக்கு ஒன்றைச் செய்து முடித்தவரின் பார்வை அது. அவர் சொன்னது சரி. இருந்த ஒரே துப்பு அவளைத்தான் காட்டியது.

புவனேந்திரன் பெருமூச்சு விட்டு எழும்பினார். போகிற போக்கில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அது சரிதான், அண்ணை. எண்டாலும் மியூசியம் கடைசிக் கட்டத்தைப் பற்றி வேறை முடிவுக்கு வந்திட்டுது. முதல் ஏழும் ஆரோ கூலிக்குப் பாத்துக் கீறினதாம். எட்டாவது வென்ட்லாண்ட் தன்ர கையாலை முடிச்சதாம். அதாலைதான் அது மட்டும் நல்லா வந்திருக்காம்."

டெல்சி அந்தப் பொய்யை உடனே பிடித்துக்கொண்டாள். "ஓம், பெரிய கலைஞன் எண்டல்லோ டிரெக்டர் அம்மா சொன்னவ. செத்தாப் பிறகாவது அந்தாளுக்கு ஒரு பேர் கிடைக்குது."

சிவகுருநாதனின் தாடை அசைந்தது.

"வென்ட்லாண்டோ? அவனுக்குப் பென்சில் சீவத் தெரியாது."

அலுமாரியைத் திறந்தார். மைப் போத்தல், தொட்டு எழுதுகிற பேனா, தடித்த தாள் எல்லாம் வரிசையாய் இருந்தன. மேசையில் இருந்து கீறினார். பென்சில் கோடு ஒன்றும் போடவில்லை. நேரே மை. பிரம்பு, அழுகிற வாய், முதுகுக்குப் பின்னால் மறைத்த கை. பெருவிரல் மோதிர விரலின் மேற்கணுவில் வந்து இருந்தது. எண்ணி நாலு நிமிடம். அந்தக் கை அவ்வளவு அழகாக ஓடியது. டெல்சி பார்வையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கையெழுத்து வையுங்கோ," என்றார் புவனேந்திரன். "இல்லாட்டி இதையும் அவன்ர எண்டுவினம்."

சிவகுருநாதன் முழுப் பெயரையும் எழுதினார். திகதியும் போட்டார். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தார். புவனேந்திரன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்ததைக் கண்டதும், தான் செய்தது என்னவென்று அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் பதறவில்லை. சிரித்தார்.

"நீங்கள் கெட்டிக்காரர்தான். ஆனா ஒரு பிழை விட்டுட்டியள். அந்த விரலை நான் கை தவறிக் கீறினன் எண்டு நினைச்சியள். இல்லை. இவளுக்கெண்டுதான் கீறினனான். பேர்லினுக்குக் கொண்டுபோய் இந்த மியூசியத்துக்குக் காட்டு எண்டு வென்ட்லாண்டுக்குச் சொன்னதும் நான்தான். பட்டம் எடுத்த பிள்ளை தகப்பன்ர கையைக் கண்டுபிடிக்குதோ பாப்பம் எண்டு." மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசம் காத்திருந்தன். உன்ர புத்தகத்தை வாங்கி வாசிச்சன். தேய்க்கிறானாம்."

தேனுஜா தாளை எடுத்தாள். மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். அதைப் பொலித்தீன் உறைக்குள் வைத்தாள். ஒவ்வொன்றையும் தன் தொழிலில் செய்கிற மாதிரியே செய்தாள்.

"பேப்பர்காரர் வருவினம் என்ன," என்றார் சிவகுருநாதன். குரலில் ஒரு ஆசை வந்திருந்தது. "பொலிசும் வரட்டும், எனக்குப் பயமில்லை. பேரை முழுசா எழுதச் சொல்லு. எந்தச் சுவரிலை மாட்டுவினம்?"

"பேப்பர்காரர் வரமாட்டினம், அப்பா. ஏமாந்த கதை வெளியிலை போகக்கூடாது எண்டு டிரெக்டர் முதலே சொல்லிப்போட்டா. இதை அவ பாப்பா, வக்கீல் பாப்பார். பிறகு ரெண்டையும் ஒரு பெட்டியிலை போட்டுக் கீழை வைச்சிடுவினம். உங்களுக்குப் பொலிசிலையிருந்து ஒரு கடிதம் வரும். வேறை ஒண்டும் வராது."

"பெட்டிக்கு வெளியிலை ஏதும் எழுதுவினம்தானே. ஒரு சின்னக் குறிப்பு."

"எழுதுறது நான்தான்."

"அப்ப நீ எழுதலாம், பிள்ளை." அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பியிருந்தார். "கையைப் பாத்தனியெல்லே. ஆராலை ஏலும் இப்பிடிக் கீற? ஒரு வரி எழுதினாக் காணும்."

தேனுஜா சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தாள்.

"ஓம், எழுதலாம்," என்றாள். "எழுதமாட்டன். கீறினவர் தெரியாது எண்டு போடுவன்."

அந்தக் குரலை டெல்சி அப்போதுதான் முதல் தரம் கேட்டாள். அதில் சத்தம் இல்லை, கோபமும் இல்லை. கொஞ்சம் முன்னால் ரெண்டே பேர் என்று சொன்ன அப்பாவின் அதே குரல், பெண் குரலாய் வந்தது. கதவு சாத்தப்பட்ட பிறகும் உள்ளே கதிரை நகர்ந்த சத்தம் கேட்கவில்லை.

கீழே பஸ் தரிப்பிடத்தில் தேனுஜா தாளைப் படம் எடுத்து, தன்னை ஏமாற்றத்தான் கீறியதாக அப்பா சொன்னதையும் அதற்கு மற்ற இரண்டு பேரும் சாட்சி என்பதையும் எழுதி இயக்குநருக்கு அனுப்பினாள். வண்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டெர்மின் இல்லை. வேலை இருக்கிறது. முறைப்பாடு அப்பாவின் பெயரில் போகும். அவள் அதை வாசித்துக் காட்டினாள். புவனேந்திரன் நல்லது என்றார். டெல்சி அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்கலாமா என்று ஒருதரம் யோசித்து, பிறகு வைத்தாள். தேனுஜா விலகவில்லை, சாயவும் இல்லை. மூன்று பேரும் அப்படியே வண்டி பார்த்து நின்றார்கள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. எழும்பிப் போகமுதல் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுப் பானையில் எப்போதும் ஒரு பிடி சோறு மிஞ்சி இருக்கட்டும். மாலையில் கதவுப் பூட்டில் அப்பாவின் திறப்புச் சத்தம் கேட்டால் உங்கள் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவரட்டும், கட்டிலுக்குக் கீழே ஒளியாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் செய்த வேலைக்கும் அவரவர் பெயரைச் சொல்லிச் சந்தோசப்பட ஒரு வாய் இருக்கட்டும். நல்லாயிருங்கள்.